பீடி தனிக் கணக்கு, சிகரெட் தனிக் கணக்கு, வாய்ல வச்சது கணக்குலயே இல்ல

ஒரு நாளைக்கு எத்தன சிகரெட்டுன்னு புகையிலை நிறுத்துற கிளினிக்ல இருந்த அந்தம்மா கேட்டாங்க, அஞ்சுன்னு சொன்னேன். பொய் சொல்லலைங்க, நெஜமாவே அஞ்சுதான், மிஞ்சிப்போனா ஆறு. அவங்களும் ஃபார்ம்ல அஞ்சுன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஒரு சின்ன மெசின நீட்டி மூச்ச புடிச்சு வச்சு மெதுவா ஊதுங்கண்ணான்னாங்க, ஊதுனேன், 27ன்னு நம்பர் வந்துச்சு. அவங்க ஃபார்ம பாத்தாங்க, மெசின பாத்தாங்க, மறுபடி என்னய பாத்துட்டு, "அண்ணா, காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்கன்னு வரிசையா சொல்லுங்க"ன்னாங்க. அந்த ஒரு கேள்விலதான் என்னோட இருவது வருசக் கணக்கு வெளிய வந்துச்சு. அதத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா என்னய மாதிரி ரெண்டு மூணு வகை புகையிலை வச்சிருக்கறவங்க முழுசா படிங்க, ஏன்னா உங்ககிட்டயும் யாரும் சரியான கேள்விய கேட்டிருக்க மாட்டாங்க.

நான் நாமக்கல் பக்கம். 2003ல லாரில கிளீனரா ஏறுனேன், அப்ப வயசு 19. மொத சிகரெட்டு, லோடு எறக்குற எடத்துல பார்ட்டி வாங்கிக் குடுத்தது. பீடி எனக்கு டிரைவர் அண்ணன் குடுத்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு சொக்குறப்ப பத்த வச்சு அவரே கைல குடுப்பாரு. 2011ல கேஸ் டேங்கருக்கு மாறுனேன், நாங்க புல்லட்டுன்னு சொல்லுவோம், 18 டன் கேஸு முதுகுல ஏத்திக்கிட்டு மங்களூர்ல இருந்து ஷிராடி காட் மலைப்பாதைல ஏறி ஹாசன் வழியா வர்றது. நாமக்கல்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், இந்தத் தொழில் எங்க ஊர்த் தொழில். டேங்கர்ல தீ பக்கத்துலயே வரக்கூடாது. பிளாண்ட் கேட்லயே தீப்பெட்டி லைட்டர் செல்போன் எல்லாம் வாங்கி வச்சிருவாங்க, சைலன்சருக்கு பொறி தடுக்குற அரெஸ்டர் மாட்டாம உள்ள விட மாட்டாங்க. லோடோட நின்னுக்கிட்டு இருக்கற வண்டில, எறக்க டர்ன் வர்றதுக்கு சில சமயம் ஒன்ற நாள் ரெண்டு நாள் ஆகும், அந்த நேரம் பூரா பீடி சிகரெட் கெடையாது. வருசக் கணக்கா புகை புடிக்கறவன் அதுக்கு என்ன பண்ணுவான், பக்கத்து வண்டி டிரைவர் பாக்கெட்ட நீட்டுனாரு, சுண்ணாம்பு கலந்த புகையிலைத் தூளு, கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல அதக்கிக்கறது. கேட்ல எவனும் உதட்ட எறக்கிப் பாக்கறதில்ல. அப்டித்தான் மூணாவது வந்து சேந்துச்சு.

மூணுக்கும் தனித்தனி நேரம் தனித்தனி எடம். சிகரெட்டு ஆளுங்க முன்னாடி, ஓனர் வீட்டு விசேசம், டீக்கடை. பீடி ராத்திரி ஓட்டத்துக்கு, அப்புறம் காலைல கக்கூஸ் போறதுக்கு முன்னாடி. தூளு லோடு ஏத்துற எடம், யார்டு, பஸ்ல ஊருக்கு வர்றப்ப, ஆஸ்பத்திரி, புள்ளையோட ஸ்கூல் மீட்டிங். இப்ப யோசிச்சா ஒன்னு புரியுது, எங்கெல்லாம் புகை புடிக்கக் கூடாதோ அங்கெல்லாம் தூளு, மத்த எடத்துல புகை, ஆக ஒரு நாள்ல என் ஒடம்பு புகையிலை இல்லாம இருந்த நேரம் தூங்குற நேரம் மட்டும்தான். ஆனா மனசுல கணக்கு எப்டின்னா, "நான் பெரிய சிகரெட் பார்ட்டி இல்ல, அஞ்சுதான். பீடி சும்மா ராத்திரிக்கு. தூளுல புகையே இல்லையே". மூணையும் தனித்தனி டப்பால போட்டு மூணும் கொஞ்சம்தான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒடம்புக்குள்ள ஒரே டப்பாதாங்க இருக்கு.

2022ல சாப்பாட்டுல காரம் பட்டா கீழ் உதட்டுக்கு உள்ள எரிய ஆரம்பிச்சுது. வீட்டுல ரசம் கூட எரிஞ்சுது. "ஏனுங்க, கொழம்புல மொளகா ஒன்னுதானுங்க போட்டேன், அதுக்குமா"ன்னு வீட்டுக்காரி கேட்டப்ப நான் வாய்ப்புண்ணுன்னு சொல்லி சமாளிச்சேன். ஒரு நாள் மங்களூர் யார்டுல வண்டிக் கண்ணாடில செல் டார்ச் அடிச்சு உதட்ட மடிச்சுப் பாத்தேன். தூளு வைக்கிற அதே எடத்துல, வெரல் நகம் அளவுக்கு வெள்ளையா, தண்ணில ஊறுன தோலு மாதிரி சுருங்கி இருந்துச்சு, வழிச்சா போகல. அன்னிக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுனேன், எப்டி ஓட்டுனேன்னு ஞாபகமே இல்ல.

பல் டாக்டர் பாத்துட்டு ஒன்னும் பயமுறுத்தல, சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாரு, புகையிலை நிறுத்துற கிளினிக்குக்கு ஒரு சீட்டும் எழுதிக் குடுத்தாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த பத்து நாளு, சொல்ல முடியாதுங்க. கேன்சர் இல்லன்னு வந்துச்சு. ஆனா இது பின்னாடி கேன்சரா மாறலாம், விட்டாத்தான் வழின்னாரு. அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டுப் போன எடத்துலதான் அந்த மெசினும் அந்தம்மாவும்.

அந்த மெசின் காட்டுறது மூச்சுல இருக்கற கார்பன் மோனாக்சைடு. பத்துக்கு மேல போனாவே புகை புடிக்கறவன்னு அர்த்தமாம். இந்த வாயு ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கிப் புடிச்சுக்கும், அப்ப ஆக்சிஜன் ஏற எடம் இல்லாம போயிரும், இதயம் அந்தக் கொறையச் சரிகட்ட கூட அடிச்சாகணும். அஞ்சு சிகரெட்டுக்கு 27 வராதுன்னுதான் அவங்க மறுபடி கேட்டாங்க. காலைல எந்திரிச்சதுல இருந்து வரிசையா சொல்லச் சொல்ல எழுதுனாங்க. அன்னிக்கு அங்க வர்றதுக்கு முன்னாடியே பீடி மட்டும் அஞ்சு. நாள் பூரா கூட்டுனா சிகரெட் 5, பீடி 18ல இருந்து 22, தூளு ஆறு ஏழு வாட்டி, ஒவ்வொரு வாட்டியும் அர மணி நேரத்துக்கு கொறையாம. நான் அந்தத் தாள பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இருவது வருசமா என்கிட்ட எந்த டாக்டரும் "வேற என்ன"ன்னு கேக்கல, நானும் சொல்லல.

பீடிய நான் சின்னதுன்னு நெனச்சதுக்கு காரணம் அதோட சைஸுதான். ஒரு பீடில கால் கிராம் கூட புகையிலை இருக்காது, சிகரெட்ல இருக்கறதுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. ஆனா சுத்தியிருக்கறது இலை, காகிதம் மாதிரி காத்து உள்ள போகாது, இழுக்காம விட்டா அணைஞ்சிரும். அதனால வேக வேகமா ஆழமா இழுத்துக்கிட்டே இருக்கணும். நீங்களே எண்ணிப் பாருங்க, சிகரெட் ஒன்னுக்கு பத்துப் பன்னண்டு இழுப்பு, பீடிக்கு அதப்போல ரெண்டு மடங்குக்கு மேல. பில்டரும் கெடையாது. அதனால தார், நிகோடின், கார்பன் மோனாக்சைடு மூணுமே சிகரெட்ட விட கூடதான் உள்ள போகுது. சின்னதா இருக்கு, இலைல சுத்துனது, இயற்கைன்னு சொல்லிக்கறது எல்லாம் நாமளா சொல்லிக்கறது.

என்கூட அப்ப ஓடுன செகண்ட் டிரைவர் தம்பி தென்காசி பக்கம். அவங்க வீட்ல அம்மா, அக்கா எல்லாம் மடில சொளவு வச்சு பீடி சுத்துறவங்க. அவன் ஒரு நாள் சொன்னான், "அண்ணாச்சி, எங்கக்கா ஒரு பீடி கூட குடிச்சதில்ல, ஆனா தூளு பறந்து பறந்து ராத்திரி பூரா இருமுவா"ன்னு. பீடி சுத்துற பொம்பளைங்க புகைக்காமலே அவங்க யூரின்ல புகையிலையோட மிச்சம் தெரியுதுன்னு ஆய்வுல காட்டியிருக்காங்க, தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போகுது. இந்தப் பொருளு எந்த வழி கெடைச்சாலும் உள்ள வந்துரும்னு அவன் அக்காவ நெனச்சாலே தெரியும்.

தூளுக்கு வர்றேன். புகையே இல்லையே, நுரையீரலுக்கு ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன். அதுல இருக்கற சிக்கல் வேற மாதிரி. புகையிலைய பதப்படுத்தி காய வைக்கறப்பவே அதுக்குள்ள நைட்ரோசமைன்னு ஒரு வகை விஷம் உண்டாயிருது, அதுல என்என்கே, என்என்என்னு ரெண்டு, மனுசனுக்கு கேன்சர் வர வைக்கும்னு சந்தேகமில்லாம உறுதி பண்ண பட்டியல்ல இருக்கறது. அத கொளுத்த வேண்டியதே இல்ல, உதட்டுல வச்சா எச்சில்ல கரைஞ்சு எறங்குது. கூட இருக்கற சுண்ணாம்பு சும்மா ருசிக்கு இல்ல, அது காரத்தன்மைய கூட்டி நிகோடின வாய்த்தோல் வழியா சீக்கிரம் ஏத்தறதுக்கு. புகைல நிகோடின் மூளைக்கு பத்திருவது செகண்டுல போயிரும், சுருக்குனு ஏறி சீக்கிரம் எறங்கிரும். தூளுல மெதுவா ஏறி ரொம்ப நேரம் நிக்கும். ரெண்டும் சேந்தா என்னாகும்னா, தூளு ஒரு தளம் போட்டு வச்சிருது, அதுக்கு மேல பீடி சிகரெட்டு மாடி கட்டுது, ரத்தத்துல நிகோடின் கீழ எறங்க நேரமே கெடைக்காது. அதனாலதான் ஒரே ஒரு பழக்கம் இருக்கறவங்கள விட எங்கள மாதிரி ஆளுங்களுக்கு விடறது கஷ்டமா இருக்கு.

அமெரிக்காவுல 2013ல ஆரம்பிச்ச பாத்னு ஒரு பெரிய ஆய்வு இருக்கு, ஆயிரக்கணக்கான பேரோட யூரின எடுத்து, எந்தெந்த புகையிலை பழக்கம் இருக்கறவங்க ஒடம்புல எந்தெந்த விஷம் எவ்வளவுன்னு பாத்தாங்க. என்என்கே ஒடம்புக்குள்ள போயி என்என்ஏஎல்னு ஒன்னா மாறும், அது நிகோடின் மாதிரி சீக்கிரம் போகாது, விட்டதுக்கு அப்புறமும் வாரக்கணக்குல யூரின்ல தெரியும். சிகரெட்டோட வாய்ப்புகையிலையும் வச்சிருக்கறவங்களுக்கு, சிகரெட் மட்டும் புடிக்கறவங்கள விட நிகோடினும் இந்த என்என்ஏஎல்லும் கூட இருந்துச்சு. அதே சமயம் புகையால வர்ற மத்த விஷங்களும் பெருசா கொறையல. அதாவது தூளு சேத்துக்கிட்டதால சிகரெட்டோட கெடுதல் கொறையல, மேல ஒன்னு கூடுச்சு அவ்வளவுதான். அங்க இருக்கற வாய்ப்புகையிலை வேற, இங்க நாம வைக்கறது சுண்ணாம்பு பாக்கு எல்லாம் கலந்தது, அதுக்கும் மேல பீடி. நம்ம நாட்டுல 2016-17ல எடுத்த பெரிய சர்வேல, பெரியவங்கள்ல நூத்துக்கு 28.6 பேர் ஏதோ ஒரு வகை புகையிலை வச்சிருந்தாங்க, புகையும் வாய்ப்புகையிலையும் ரெண்டும் சேத்து வச்சிருந்தவங்க மொத்தப் பெரியவங்கள்ல நூத்துக்கு 3.4. நம்பர் சின்னதா தெரியும், ஆனா நம்ம ஜனத்தொகைக்கு அது மூணு கோடிப் பேர். லாரி யார்டுல கணக்கெடுத்தா எத்தன வரும்னு எனக்கு கண்ணுலயே தெரியுது.

எங்க யார்டுல ஒரு பெரியண்ணன் இருந்தாரு, எனக்கு வண்டி பழக்குனவங்கள்ல ஒருத்தர். பீடி மட்டும்தான். கால் வெரல் நெறம் மாறி ராத்திரி வலி தாங்காம உக்காந்தே இருப்பாரு, நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் புடிச்சுக்கும். பர்ஜர் நோய்னு சொன்னாங்க, சின்ன ரத்தக்குழா அடைச்சுக்கறது, புகையிலை பழக்கம் இருக்கறவங்களுக்குத்தான் வர்றது. கட்ட வெரல எடுத்தாச்சு. அவரு பீடிய அன்னிக்கே விட்டாரு, அத நான் சாட்சி சொல்லுவேன். ஆனா தூளுக்கு மாறுனாரு, புகைதான் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதா அவரா புரிஞ்சுக்கிட்டாரு. பத்து மாசத்துல அடுத்த ரெண்டு வெரலும் போச்சு. அப்பத்தான் டாக்டர், "எந்த ரூபத்துல போனாலும் காலு போயிரும், புகை மட்டும்னு நான் சொல்லவே இல்லையே"ன்னாராம். அந்த நோய்க்கு நிகோடின் சூயிங்கம் கூட யோசிச்சுதான் குடுப்பாங்க. ஒன்ன விட்டு இன்னொன்னுக்கு மாறுறத நாங்க எல்லாருமே "கொறைச்சுட்டேன்"னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். அவருக்கு யாராச்சும் தெளிவா ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ரெண்டு வெரலு இருந்திருக்கும், இத நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்தமாட்டாம இருக்கு.

இத்தனையும் பாத்துமே நான் மொதல்ல பண்ணது அதே தப்புதான். மொத வாட்டி சிகரெட்ட மட்டும் விட்டேன். அஞ்சு சிகரெட் போனா பெரிய விசயம்னு வீட்ல எல்லாருக்கும் சந்தோசம், மகளு நோட்டுல நாளு எழுதி வச்சுக்கிட்டு வந்தா. மூணு வாரம் கழிச்சு எண்ணிப் பாத்தப்ப தூளு ஏழுல இருந்து பன்னண்டுக்குப் போயிருந்துச்சு. ஒடம்புக்கு வேண்டிய நிகோடின அது எங்கிருந்தாவது எடுத்துக்கும், ஒரு கதவ சாத்துனா இன்னொன்னு அகலமா தெறந்துக்கும். எண்ணிக்கைய கொறைக்கறதுலயும் அதேதான் நடக்குது, பத்து பீடிய அஞ்சாக்குனா அந்த அஞ்சையும் ஆழமா கடைசி வரைக்கும் இழுப்போம். இதயத்துக்கு இன்னும் மோசம், ஒரே ஒரு சிகரெட் புடிச்சாலே, இருவது புடிக்கறவனுக்கு கூடுற மாரடைப்பு ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துருதுன்னு 2018ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. இருவத ஒன்னாக்குனா ஆபத்தும் இருவதுல ஒன்னாகும்னு நெனக்கறோம், அப்டி இல்ல.

ரெண்டாவது வாட்டி வீராப்பா மூணையும் ஒரே நாள்ல தூக்கிப் போட்டேன், மருந்து மாத்திரை ஒன்னும் இல்லாம. மூணாவது நாள் லோடோட ஷிராடி காட்ல ஏறிக்கிட்டு இருக்கேன், மழை, முன்னாடி வண்டிங்க வரிசையா நிக்குது, தலை பொளக்குது, கை நடுங்குது, எரிச்சல் எரிச்சலா வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. நெஞ்சு அடிக்கறதப் பாத்து எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு பயந்தே சக்லேஷ்பூர்ல நிறுத்தி பீடி வாங்குனேன். அந்த படபடப்புக்கு காரணம் என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. புகைல இருக்கற சில பொருளுங்க ஈரல முடுக்கி விட்டு டீ காப்பில இருக்கற கஃபீன சீக்கிரமா வெளியேத்த வைக்கும். புகைய நிறுத்துனா அந்த முடுக்கம் கொஞ்ச நாள்ல நின்னுரும், அப்ப அதே டீ ஒடம்புல ரெண்டு மடங்கு நேரம் தங்கும். நான் பீடிய விட்ட ஏக்கத்துக்கு நாளுக்கு பத்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். தூக்கம் வராம, கை நடுங்கி, நெஞ்சு அடிச்சதுல பாதி டீ பண்ண வேல. புகைய விடறவங்க யாரா இருந்தாலும் மொத நாள்ல இருந்தே டீய பாதியாக்குங்க, இத யாரும் சொல்றதில்ல.

மூணாவது வாட்டி தான் முறையா போனேன். 2023 பிப்ரவரி. அந்தம்மா சொன்ன மொத வேல, ஒரு வாரம் எதையும் நிறுத்தாதீங்க, எழுத மட்டும் செய்ங்கன்னாங்க. நமக்குத்தான் ட்ரிப் ஷீட் பழக்கம் இருக்கே, அதே மாதிரி கோடு போட்டேன். மணி, எடம், என்னது, எதுக்காக. எதுக்காகங்கற கட்டத்துலதான் எல்லாம் தெரிஞ்சுது. பசிக்கு பீடி, கோவத்துக்கு பீடி, சும்மா நின்னதுக்கு தூளு, பக்கத்துல ஒருத்தர் நீட்டுனதுக்கு சிகரெட்டு. நூத்துக்கு நாப்பது எனக்கு வேணும்னே இல்ல, கை பழக்கம். காசும் கூட்டிப் பாத்தேன், மாசம் 5,000 ரூபாய்க்கு மேல போயிருக்கு, மூணு கடைல கொஞ்சம் கொஞ்சமா போனதால தெரியவே இல்ல. நீங்க விடறீங்களோ இல்லையோ, ஒரு வாரம் இத மட்டும் எழுதுங்க. எல்லா வகையும் ஒரே தாள்ல வரணும், பொடி போடறது, வெத்தல பாக்கோட போயலை போடறது, பசங்க வச்சிருக்கற வேப்புங்கற இ-சிகரெட்டு, எப்பவாச்சும் ஹுக்கா, எல்லாம். ஹுக்காவ தண்ணில வடிகட்டி வருதுன்னு சொல்லுவாங்க, தண்ணி இந்த விஷத்த வடிகட்டாது, மேல கரி வேற எரியுது, ஒரு மணி நேரம் உக்காந்தா கார்பன் மோனாக்சைடு சிகரெட்ட தாண்டிப் போகும். வேப் நம்ம நாட்டுல 2019லயே தடை, ஆனாலும் என் அக்கா பையன் ரெண்டும் வச்சிருக்கான், காலேஜ்ல சிகரெட்டு வீட்டு மாடில வேப். "மாமா நான் சிகரெட் கொறைச்சுட்டேன்"ங்கறான். அந்தப் பேச்ச கேட்டதும் எனக்கு பெரியண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு.

தேதி குறிச்சு மூணையும் ஒன்னா நிறுத்துனேன், ஆனா இந்த வாட்டி லோடு இல்லாத வாரமா பாத்து, ஊர்ல இருக்கறப்ப. எந்திரிச்ச அர மணி நேரத்துக்குள்ள பீடி வேணும்ங்கற ஆளுன்னதால டாக்டர் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எழுதிக் குடுத்தாரு. அத மொத நாள் பப்பிள்கம் மாதிரி மென்னு முழுங்குனேன், விக்கலும் வயித்தெரிச்சலும் ஆளக் கொன்னுச்சு. அத விடாம மென்னுக்கிட்டே இருக்கக் கூடாதாம். நாலஞ்சு கடி கடிச்சு மொளகு மாதிரி சுருக்குன்னதும் கன்னத்துல ஒதுக்கி வச்சிரணும், சுருக்கு போனதும் மறுபடி ரெண்டு கடி, எடத்த மாத்தி வைக்கணும், இப்டி அர மணி நேரம். அதுக்கு கால் மணி நேரம் முன்னாடி இருந்து டீ காப்பி ஜூஸ் கூடாது, வாயில புளிப்பு இருந்தா மருந்து ஏறாது. எத்தன போடணும்னு டாக்டர் சொல்ற கணக்குக்கு கொறைச்சு போட்டுட்டு "வேல செய்யல"ன்னு விட்டவங்க எங்க யார்டுலயே நாலு பேர் இருக்காங்க. சூயிங்கம்லயும் நிகோடின்தானே, அதுவும் ஒரு பழக்கம்தானேன்னு எனக்கும் கேள்வி இருந்துச்சு. அதுல நிகோடின் இருக்கு, தார் இல்ல, கார்பன் மோனாக்சைடு இல்ல, நைட்ரோசமைன் தூளுல இருக்கற மாதிரி இல்ல, அப்டியே படிப்படியா கொறைச்சு மூணு மாசத்துல நிறுத்தறதுக்குன்னு இருக்கறது. சூயிங்கம் ஒத்துக்காதவங்களுக்கு வேற மாத்திரைகளும் இருக்கு, ஆனா அத டாக்டர் பாத்துத்தான் தரணும்.

சூயிங்கம் போட்டுக்கிட்டு இருக்கறப்ப இன்சூரன்ஸுக்கோ வேலைக்கோ ரத்தம் யூரின் டெஸ்ட் வந்தா முன்னாடியே சொல்லிருங்க. அவங்க பாக்கறது கோட்டினின்னு ஒன்னு, நிகோடின் ஒடம்புல மாறி வர்றது. அதுக்கு பீடியும் சூயிங்கமும் ஒன்னுதான். அப்புறம் பாலிசி ஃபார்ம்ல புகைப்பழக்கம் இல்லன்னு போட்டுட்டு தூளு வச்சிருக்கறவங்க, புகையிலைன்னா எல்லா வகையும் சேத்திதான், மறைச்சா நாளைக்கு குடும்பத்துக்குத்தான் சிக்கல்.

மொத மூணு நாள் கஷ்டம், ஒரு வாரம் வரைக்கும் அப்டியே இருந்துச்சு. மலச்சிக்கல் வந்துச்சு, இது சில பேருக்கு வருமாம், பீடி இல்லாம வெளிய போகவே முடியாதுன்னு பலபேரு திரும்ப ஆரம்பிக்கறது இதுலதான், நான் ராத்திரி கொய்யாவும் வாழப்பழமும், காலைல ரெண்டு சொம்பு சுடுதண்ணியும் குடிச்சேன், பத்து நாள்ல சரியாச்சு. ஏக்கம் வர்றப்ப அது பெரும்பாலும் அஞ்சு பத்து நிமிசத்துக்கு மேல நிக்காது, அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு எந்திரிச்சு டயரு தட்டிப் பாப்பேன், ஆறு டயரு தட்டி முடிக்கறதுக்குள்ள போயிரும். வாய்க்கு வறுத்த கல்லக்கா, சோம்பு, ரெண்டு லவங்கம். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பீடிய விட்டுட்டு வெறும் பாக்கு, இனிப்புப் பாக்குன்னு போடறவங்க நெறய இருக்காங்க, புகையிலையே இல்லாத பாக்கும் கேன்சர் வர வைக்கறதுன்னு 2004லயே அறிவிச்சாச்சு, வாய் தெறக்க முடியாம இறுகிப் போறதும் பாக்காலதான். ராத்திரி தூக்கத்துக்கு பீடிதான் மருந்துன்னு நம்பிக்கிட்டு இருந்தேன், ஆனா தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டி இருவது நிமிசம் தூங்கறதுதான் மருந்து, கேஸ் லோடோட அதத் தவிர வேற எதையும் நம்பக்கூடாது.

தாங்க முடியாம ரெண்டு வாட்டி 1800-11-2356க்கு போன் பண்ணேன், புகையிலை விடறதுக்குன்னு அரசாங்கம் வச்ச இலவச நம்பர், சிகரெட் அட்டைலயே போட்டிருக்கும். அப்புறம் மறுபடி அவங்களே கூப்ட்டு பேசுனாங்க. யார்கிட்டயாவது சொல்லிட்டா பாதி பாரம் எறங்குதுங்க.

இடைல ஒரு வாட்டி வழுக்குனேன். ஏழாவது வாரம், ஒரு சாவு வீட்ல, சொந்தக்காரர் சிகரெட்ட நீட்டுனாரு, ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன். அன்னிக்கு சாயங்காலமே தூளுக்கும் நாக்கு ஊறுச்சு, ஆறு வாரமா ஞாபகமே வராத தூளுக்கு. ஒன்னு இன்னொன்ன கூட்டிக்கிட்டு வரும்ங்கறத அன்னிக்கு ஒடம்புலயே பாத்தேன். அந்தம்மாகிட்ட அடுத்த நாளே சொன்னேன், திட்டல, "விட்ட நாளுங்க விட்டதுதாண்ணா, அங்கிருந்தே எண்ணுங்க"ன்னாங்க. மகளும் நோட்ட கிழிக்கல.

ரெண்டாவது நாளே மெசின்ல 3 காட்டுச்சு. கார்பன் மோனாக்சைடு அவ்வளவு சீக்கிரம் போயிருது, ஒரு நாள் போதும். மத்ததெல்லாம் அப்டி இல்ல. காட்மியம்னு ஒரு உலோகம் புகைல வருது, அது கிட்னில போய் வருசக் கணக்குல தங்கும், நான் இருவது வருசமா சேத்து வச்சது இன்னும் அங்கதான் இருக்கும். உதட்டு வெள்ளை ஆறு வாரத்துல பாதியாச்சு, மூணாவது மாசம் பாத்தப்ப டாக்டர் லைட் அடிச்சுத் தேடித்தான் பாக்க வேண்டியிருந்துச்சு. ஆனாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்க் காட்டறேன், வீட்லயும் மாசம் ஒருக்கா கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டுக்கு உள்ள, கன்னம், நாக்குக்கு அடில, ஈறு எல்லாம் பாக்கறேன். வெள்ளையோ செவப்போ திட்டு இருந்தா, ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணு இருந்தா, மூணு வெரல ஒன்னு மேல ஒன்னு அடுக்கி வாய்க்குள்ள நொழைக்க முடியலன்னா, அடுத்த ட்ரிப் முடிஞ்சு பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. நான் தள்ளுனது நாலு மாசம். அதுக்குள்ள அது கேன்சரா மாறாதது என்னோட அதிர்ஷ்டம், வேற ஒன்னும் இல்ல.

டாக்டர்கிட்ட போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், அவங்க சிகரெட்டான்னு கேட்டா சிகரெட்டுக்கு மட்டும் பதில் சொல்லாதீங்க. எல்லாத்தையும் நீங்களே சொல்லுங்க, எழுதுன தாள நீட்டுங்க. மருந்தோட அளவே எத்தன, எந்திரிச்சு எவ்வளவு நேரத்துலங்கற அந்த மொத்தக் கணக்க வச்சுத்தான். அஞ்சு சிகரெட்டுன்னு நான் சொன்னத நம்பியிருந்தா எனக்கு 2 மில்லிகிராம்தான் குடுத்திருப்பாங்க, மூணாவது வாட்டியும் சக்லேஷ்பூர்ல நின்னுருப்பேன்.

போன மாசம் கிளினிக் போனப்ப தென்காசி தம்பியும் கூட வந்தான், சும்மா வண்டில உக்காந்திருக்கேன் அண்ணாச்சின்னான், நான்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன். அவன்கிட்டயும் ஊதச் சொன்னாங்க, 19 வந்துச்சு. எத்தன பீடின்னு கேட்டாங்க, எட்டுன்னான். நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "உதட்டுல வைக்கறதையும் சொல்லு தம்பி"ன்னேன். கொஞ்ச நேரம் தரையவே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் பாக்கெட்ட எடுத்து மேசை மேல வச்சுட்டு, காலைல எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொன்னா சொல்ல ஆரம்பிச்சான்.